காமன் அறுந்த வீடு

வேலூரில், தண்ணீர் இல்லாத பாலாற்றைப் பார்த்தபடி நிற்கும் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் மாடியில், அக்னி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு மதியத்தில், கோகிலத்தின் வீட்டு ஏசி பூனை தும்முவதுபோல ஒரு தும்மல் போட்டு, எரிந்த வார்னிஷ் வாசனையைக் கூடம் முழுக்கப் பரப்பி, நின்றுபோனது. நின்றதும் கோகிலம் முதலில் சந்தேகப்பட்டது மருமகளைத்தான். மருமகள்மீது அவளுக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை. பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வுபெற்றவள் அவள். வாசலில் கிடக்கிற செருப்புகளைப் பார்த்தே உள்ளே யார் இல்லை என்று சொல்லிவிடக்கூடியவள். காய்ச்சல் என்று படுத்த பெண்ணின் நெற்றியைத் தொடுவதற்கு முன்னால் தலையணைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தவள். பால்காரரை, கேஸ் சிலிண்டரின் எடையை, பெற்ற மகன் இளம்பரிதியின் சிரிப்பை, எல்லாவற்றையும் ஒரே அளவில் சந்தேகப்பட்டு, அந்தச் சந்தேகத்தாலேயே எத்தனையோ பெண்களைக் கரைசேர்த்தவள்.

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் மேற்பார்வையாளனாக இருந்த அந்த இளம்பரிதி, சித்திரை பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், நிறைமதி என்கிற பெண்ணைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து, பதிவு அலுவலகத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது என்று சொன்னான். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண். எந்த ஊர் என்று கேட்டதற்கு, "மலைப்பக்கம் அத்தை," என்றாள். அப்பா அம்மா என்று கேட்டதற்கு, "இல்லை," என்றாள், சொல்லிவிட்டுச் சிரித்தாள். 'இல்லை' என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிற பெண்ணைக் கோகிலம் தன் பணிக்காலத்தில் ஒருத்தியைக்கூடப் பார்த்ததில்லை.

ஏசியைப் பார்க்க மெக்கானிக் முக்தார் பாய் வந்தார். கோகிலம் ஒரு நாற்காலியை ஏணிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அவர் கைகளையே பார்த்தபடி உட்கார்ந்தாள். அவர் முன்மூடியைக் கழற்றி, மோட்டாரின் ஸ்டார்ட், ரன், காமன் என்கிற மூன்று ஒயர்களையும் பிரித்து, மீட்டரின் இரண்டு முனைகளையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டார்.

"ஸ்டார்ட்டு கீது, ரன்னு கீது. காமன் ஓபன்மா."

"ஓபனா இருந்தா மூடிடுங்க."

"அய்யோ, ஓபன்னா தொறந்துனு இல்லம்மா. அறுந்துடுச்சுனு அர்த்தம்."

"அறுந்தா அறுந்துடுச்சுன்னு சொல்றதுக்கென்ன? சரி, மூடியிருந்தா அதுக்குப் பேரு?"

"மூடக்கூடாத எடத்துல மூடுனா அது ஷார்ட்டு."

"எது குட்டையாச்சு?"

முக்தார் பாய் ஏணியிலிருந்து அவளைப் பார்த்தார். அவள் கேலி செய்யவில்லை, விசாரணை செய்துகொண்டிருந்தாள். திருட்டுத்தனம் செய்கிற பெண்கள்தான் ஒரு விஷயத்துக்கு அதன் பெயரல்லாத பெயரை வைப்பார்கள் என்பது அவள் அனுபவம். அறுந்ததைத் திறந்தது என்றும் ஒட்டிக்கொண்டதைக் குட்டை என்றும் சொல்கிற ஒரு தொழிலை அவளால் எப்படி நம்ப முடியும்? அவர் மோட்டாரைக் கழற்றி, ரீவைண்டிங் செய்துகொண்டு வருகிறேன் என்று துணிப்பையில் போட்டுக்கொண்டு, ப்ளக்கைப் பிடுங்கி ஒயரை ஏசியின் தலையில் சுற்றி வைத்துவிட்டுப் போனார். வாய் பிளந்த ஏசி சுவரில் தொங்கியது. உள்ளே மோட்டார் இருந்த இடம் பல் விழுந்த ஈறுபோல வெறுமையாக இருந்தது.

அன்று சாயங்காலம் நிறைமதி கடையிலிருந்து வந்தாள், செருப்பைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டாள், முகம் கழுவினாள், ஏசிக்குக் கீழே தரையில் உட்கார்ந்து கூந்தலை அவிழ்த்தாள். அவள் அவிழ்த்ததும் மோட்டார் இல்லாத ஏசிக்குள் விசிறி மெதுவாகச் சுற்றத் தொடங்கி, பால்கனியில் இருந்த ஏசியின் வெளிப்பெட்டிக்குள் பெரிய விசிறியும் அதற்குப் பதில் சொல்வதுபோலச் சுற்றத் தொடங்கி, மழை நின்ற பாறையின் வாசனையோடு குளிர்ந்த காற்று இறங்கிக் கூடத்தை நிறைத்தது.

"யாரு சுவிட்ச் போட்டது?" என்றாள் கோகிலம்.

"நான் போடலை அத்தை," என்றாள் நிறைமதி.

ப்ளக் ஏசியின் தலையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கோகிலம் அதிசயப்படவில்லை. மருமகளை உப்பு வாங்கிவர அனுப்பினாள்; காற்று நின்றது. உப்போடு அவள் படி ஏறினாள், காற்று வந்தது. சர்க்கரை வாங்கிவர அனுப்பினாள், நின்றது. சர்க்கரையோடு வந்தாள், வந்தது. பிறகு அவள் குளிக்கப் போன நேரத்தில் அவளுடைய கைப்பையைத் திறந்து, சீப்பு, பஸ் டிக்கெட், பாதி தின்ற கடலை மிட்டாய் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, முகர்ந்து, இருந்த வரிசையிலேயே திரும்ப வைத்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றும் கிடைக்காத பைதான் அவளுக்கு எப்போதுமே அதிகச் சந்தேகத்தைத் தந்தது.

செய்தி பரவியதற்குக் காரணம் முக்தார் பாய்தான். இளம்பரிதி போன் செய்து அழைத்ததால் அவர் மறுபடி வந்தார், மோட்டார் இல்லாமல் சுற்றுகிற விசிறியைப் பார்த்தார், ஸ்டார்ட் ஒயரில் மீட்டரை வைத்தார், ரன் ஒயரில் வைத்தார், திரும்பிக் கூடத்தின் மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்த நிறைமதியைப் பார்த்தார். ஏதாவது ஒன்று சொல்லியே ஆகவேண்டிய கட்டாயத்தில் இருப்பவர் தொண்டையைக் கனைத்துக்கொள்வதுபோலக் கனைத்துக்கொண்டார்.

"ரெண்டும் சும்மாதான் கீது. காமன்லேர்ந்துதான் வருது, அந்தப் பொண்ணுதான் காமன்," என்றார்.

அதைச் சொன்னபோது பராமரிப்பு விஷயமாக வாசலில் நின்றுகொண்டிருந்தார் குடியிருப்போர் சங்கச் செயலாளர் துரைபாபு. அந்தக் குடியிருப்பில் காமன் என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு பொருள் இருந்தது. மாடிப்படி விளக்கு காமன், லிஃப்ட் காமன், தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் காமன், அதற்கெல்லாம் கீழே மீட்டர் அறையில் ஒரு காமன் மீட்டர். கோகிலத்தின் வீட்டு ஏசி காமனிலிருந்து ஓடுகிறது என்று சாயங்காலத்துக்குள் எல்லா மாடிக்கும் தெரிந்துவிட்டது. முதலில் திருட்டு என்றார்கள். டார்ச்சோடு மீட்டர் அறைக்குப் போனார்கள், சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், ஒருவர் தரையில் படுத்துக் காதை வைத்துக் கேட்டார். காமன் மீட்டர் ஓடவே இல்லை. பிறகு நிறைமதி வேலைக்குப் போகப் படி இறங்கியபோது, சுவிட்ச் போடாத மாடிப்படி விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து, அவள் கடந்ததும் ஒவ்வொன்றாக அணைவதை எல்லாரும் கதவிடுக்கு வழியாகப் பார்த்தார்கள். இரண்டாம் மாடியில் இருந்த காது மந்தமான ஒரு கிழவருக்கு மட்டும் காமன் என்பது மன்மதனாகக் கேட்டது; அவர் இளம்பரிதியைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணடித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் எல்லாரும், அவள் திருடி இல்லை, அவளே காமன், ஆகவே குடியிருப்புக்குப் பொது என்று வாகன நிறுத்தத்தில் கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள்.

"மெக்கானிக்கே சொல்லிட்டாரேம்மா," என்றார் துரைபாபு. "நாங்களா சொல்றோம்?"

அதற்குப் பிறகு வந்த நாட்களில் குடியிருப்பு நிறைமதியை எப்படி உள்வாங்கிக்கொண்டது என்றால், காபி குடிக்க வாம்மா என்று கூப்பிட்டது. கூப்பிட்ட வீட்டில் ஏசிக்குக் கீழே சோபாவை முன்கூட்டியே நகர்த்தி வைத்திருந்தது. இன்னொரு வாய், இன்னொரு வடை என்று அவளை எழவிடாமல் வைத்து, எழுந்தால் கொழுந்தன் வருகிறான், பார்த்துவிட்டுப் போ என்றது. எரிந்த மிக்சிகளும் பிடித்துக்கொண்ட கிரைண்டர்களும் அவள் காலடிக்கு வந்தன. அவள் சிரித்துக்கொண்டே அவற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள், அவை சுற்றின. ஆனால் அந்தக் குளிர்ந்த காற்றோடு கூடவே, கரப்பான்போல, சந்தேகமும் வீடு வீடாக நுழைந்தது. எங்கள் வீட்டில் விசிறி மெதுவாகச் சுற்றியது, அடுத்த வீட்டில் வேகமாகச் சுற்றியதே, ஏன்? அவர்கள் அவளுக்கு என்ன கொடுத்தார்கள்? கதவைச் சாத்திக்கொண்டு அவளை அவ்வளவு நேரம் எதற்கு வைத்திருந்தார்கள்? சுவரோடு காதை ஒட்டி அக்கம்பக்கத்து ஏசியின் சத்தத்தைக் கேட்பது அந்தக் கோடையில் எல்லாருக்கும் வழக்கமானது. ஒரு காலத்தில் ஒருவருக்கொருவர் சாம்பார் கொடுத்துக்கொண்டிருந்த பெண்கள், பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவளைக்கூட வேவு பார்க்க வந்தவளாக நினைத்து வாசலிலேயே நிறுத்தினார்கள்.

கோகிலம் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரையும்விட அதிகமாக நிறைமதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் யார், எதற்காக வந்திருக்கிறாள், இந்த வீட்டிலிருந்து எதை எடுத்துக்கொண்டு போகப் போகிறாள் என்று கண்டுபிடிப்பதற்காகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருந்ததில் வேறொன்று கண்ணில் பட்டது. நிறைமதியின் கூந்தல், கொளுத்துகிற வெயிலிலும், காலையில் குளித்தது சாயங்காலம்வரை காயவில்லை. தட்டு நிறையச் சாப்பிட்டாள், மறுபடி போட்டுக்கொண்டு சாப்பிட்டாள், ஆனாலும் கை மெலிந்து வளையல் முழங்கைவரை ஏறியது. பேசும்போது சின்னச் சின்னச் சொற்கள் அவள் வாயிலிருந்து விழுந்துபோயின. கரண்டிக்கு "அந்த… அது" என்றாள், வியாழக்கிழமை என்கிற சொல்லைத் தேடி நெடுநேரம் நின்றாள். உடம்புக்கு என்ன என்று கேட்டால், "ஒண்ணும் இல்லை அத்தை." விடுதியில் ஒண்ணும் இல்லை என்று சொன்ன பெண்களின் பட்டியல் கோகிலத்தின் மனதில் இருந்தது. அவர்களில் ஒருத்திக்குக்கூட ஒன்றும் இல்லாமல் இருந்ததில்லை.

ஒரு காலை, தெர்மாமீட்டரை மருமகளின் நாக்குக்கு அடியில் வைத்தாள். பாதரசம் நகரவே இல்லை. தெர்மாமீட்டரைச் சந்தேகப்பட்டு, கழுவித் தன் வாயில் வைத்துக்கொண்டாள், ஒழுங்காக ஏறியது. மறுபடி அவள் வாயில் வைத்தாள். இறங்கியது, அடிமட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

கோகிலம் மகனைக் கூப்பிட்டாள். "உன் பொண்டாட்டி கையைத் தொட்டுப் பாத்தியாடா?"

"குளிர்ச்சியா இருக்கும்மா. வெயிலுக்கு நல்லாத்தானே இருக்கு?"

"நாளையிலேர்ந்து யார் வீட்டுக்கும் போக வேணாம்னு சொல்லு."

இளம்பரிதி தரையைப் பார்த்தான். "எல்லாரும் வந்து கேக்கும்போது நான் என்னம்மா சொல்றது? ஒரே எடத்துல வாழணும். அவளும் வேணாம்னு சொல்லலை. நான் இதுல நியூட்ரலா இருந்துடறேன்."

கோகிலம் தன் மகனைச் சின்ன வயதிலிருந்து சந்தேகப்பட்டு வந்திருக்கிறாள். ஆனால் அவன் இவ்வளவு சின்னவன் என்று சந்தேகப்பட்டதில்லை. தெர்மாமீட்டரை உதறி உறையில் போட்டாள்.

தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது அதற்குச் சில நாட்கள் கழித்து, வெயில் சுவரிலிருந்து சுண்ணாம்பை உரித்துக்கொண்டிருந்த ஒரு நண்பகலில். பெரிய சத்தம், கருப்புப் புகை, பிறகு தெரு முழுக்க ஒரே நேரத்தில் நின்றுபோன விசிறிகளின் அமைதி. அந்த அமைதிக்குள் படியில் காலடிகள் கேட்டன. துரைபாபு முன்னால் வந்தார், அவருக்குப் பின்னால் எல்லா வீடுகளும் வந்தன.

"வார்டன் அம்மா, மருமகளைக் கொஞ்சம் கீழ அனுப்புங்க. மீட்டர் ரூம்ல உக்காந்தா போதும், மொத்த பில்டிங்கும் ஓடும். பாய் ஒயர் இழுத்துட்டாரு."

"எவ்ளோ நேரம்?"

"கரண்ட் வர்றவரைக்கும்தான். மூணாவது மாடி ஜோஸ்பின் டீச்சர் வீட்டுக்காரரு மூச்சு மெஷின்ல இருக்காரும்மா. ஒரு உயிர் விஷயம்."

மெத்தையில் சுருண்டு படுத்திருந்த நிறைமதி அதைக் கேட்டு எழுந்து வந்துவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "போறேன் அத்தை."

"இரு," என்றாள் கோகிலம். "செகரட்டரி சார், நீங்களும் இருங்க."

அவள் மூன்றாம் மாடிக்கு ஏறினாள், முட்டியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினாள். ஜோஸ்பின் டீச்சர் கதவைத் திறந்தாள். கோகிலம் வந்த காரணத்தைச் சொன்னாள். உள்ளே கட்டிலில் அவளுடைய கணவர் சாய்ந்து உட்கார்ந்து பனைநுங்கு தின்றுகொண்டிருந்தார். மூக்கில் குழாய் இருந்தது. குழாயின் மறுமுனை ஆள் உயரத்துக்கு நின்ற ஒரு சிலிண்டரில் இருந்தது.

"கரண்ட் போனா சிலிண்டர்தாங்க. எப்பவுமே நெறைச்சு வெச்சிருப்போம்," என்றாள் டீச்சர். "மெஷினுக்காக அந்தப் பொண்ணையா கேட்டாங்க? எங்களை யாரும் கேக்கலையே."

கோகிலம் இறங்கினாள், தன் வீட்டைத் தாண்டி மீட்டர் அறைக்கே இறங்கினாள். அங்கே பெட்டிகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். நாற்காலியில் ஒரு மெத்தை வைத்திருந்தார்கள், பக்கத்தில் ஸ்டூலில் ஒரு கூஜா தண்ணீர், ஒரு சீப்பு வாழைப்பழம், மறைப்புக்கு ஒரு பழைய புடவையில் திரை. திரையைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்தது. கரண்ட் வரும்வரை உட்காரப் போகிற பெண்ணுக்கு யாரும் திரை கட்டுவதில்லை.

முக்தார் பாய் மூலையில் ஒயர் சீவிக்கொண்டிருந்தார்.

"பாய், அல்லா மேல ஆணையா சொல்லுங்க. காமன்னா என்ன?"

அவர் கத்தியை மடக்கினார். "மோட்டார்ல ரெண்டு சுருள் கீதும்மா. ரெண்டும் வந்து சேர்ற எடம் காமன். ரெண்டோட லோடும் அது தலையிலதான் வுழும்."

"அந்தப் பொண்ணு காமன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"எங்கம்மா தெரிஞ்சுது? மீட்டர்ல ஒண்ணும் புரியல. புரியாதப்ப ஏதாச்சும் ஒரு பேரு சொல்லணும், இல்லாங்காட்டி அடுத்த வாட்டி கூப்ட மாட்டாங்க. அதத் தூக்கினு போயி இவங்க கூட்டம் போடுவாங்கன்னு நான் கண்டேனா?"

"அப்ப எதுக்கு ஒயர் இழுத்தீங்க?"

சீவிய செம்புக் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

கோகிலம் மேலே வந்தபோது கூடம் நிறைந்திருந்தது. எல்லாருக்கும் வியர்த்திருந்தது, நிறைமதி ஒருத்தியைத் தவிர. அவளுக்குத் தலைக்கு மேலே வாய் பிளந்த ஏசிக்குள் விசிறி மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது, ஆட்கள் அதற்குக் கீழே நெருங்கி நெருங்கி நின்றார்கள். கோகிலம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் மருமகளுக்கு எதிரில் நின்றாள். இந்தப் பெண்ணை அவள் வேவு பார்த்திருக்கிறாள், பையைத் துழாவியிருக்கிறாள், செருப்பையும் துணியையும் முகர்ந்திருக்கிறாள். ஒரு கேள்வியை மட்டும் கேட்டதில்லை.

"உனக்கு என்ன வேணும்?"

நிறைமதி சொற்களைத் தேடினாள். உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன. "கொஞ்ச நேரம்," என்றாள், "வெயில்ல உக்காரணும் அத்தை."

கோகிலம் அவள் கையைப் பிடித்தாள். கை ஐஸ்கட்டியாக இருந்தது, தோள்வரை சுரீர் என்று இழுத்தது, அவள் விடவில்லை. துரைபாபு வழியில் நின்று, பொது நன்மை, மெஜாரிட்டி, தீர்மானம் என்று ஏதோ சொன்னார்.

"மூணாவது மாடியில சிலிண்டர் இருக்கு," என்றாள் கோகிலம். "கீழ திரை இருக்கு. ரெண்டையும் பாத்துட்டுத்தான் வரேன். தள்ளுங்க."

ஒரு வாழ்நாள் முழுக்கப் பெண்களை உள்ளே போகச் சொல்லி விரட்டிய அந்தக் குரலுக்கு, நின்றிருந்தவர்கள் தங்களை அறியாமல் வழிவிட்டார்கள். இரவு ஷிஃப்ட் முடித்து வீட்டிலிருந்த இளம்பரிதி மட்டும் வாசலில் தயங்கி நின்றான். பிறகு, யாரையும் பார்க்காமல், மனைவியின் இன்னொரு கையைப் பிடித்து, அந்தக் குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு, கூடவே படி ஏறினான்.

மொட்டைமாடியில் தரை கொதித்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிறைமதி காலை நீட்டி உட்கார்ந்தாள், முகத்தைச் சூரியனுக்கு நேராகத் தூக்கினாள். கோகிலம் புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தாள். தூரத்தில் கோட்டையும் மலைகளும் வெயிலில் நடுங்கின. கீழே ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஜன்னல்கள் திறக்கிற சத்தம் கேட்டது, பிறகு திட்டுகிற சத்தம், பிறகு விசிறிமட்டைகளின் சத்தம். முதலில் கூந்தல் காய்ந்தது. பிறகு உதட்டில் நிறம் வந்தது. பிறகு, நெடுநேரம் கழித்து, நிறைமதியின் மூக்கு நுனியில் ஒரு வியர்வைத் துளி அரும்பியது. பார்த்தவுடன் இளம்பரிதி அழுதுவிட்டான்.

"இன்னிக்கு வியாழக்கிழமை," என்றாள் நிறைமதி.

சாயங்காலம் மின்வாரியத்து ஆட்கள் வந்து டிரான்ஸ்ஃபார்மரை மாற்றினார்கள். கரண்ட் வந்தது. ஆனால் கரண்ட் மறுபடியும் போகும், துரைபாபு மறுபடியும் வருவார் என்று கோகிலத்துக்குத் தெரியும். அதிசயத்தை ஊர் விடாது. ஆகவே மறுநாள் பால் வாங்கப் போன இடத்தில் துரைபாபுவைத் தனியாக ஓரம்கட்டி, அக்கம்பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்தினாள்.

"வெளியில சொல்லிடாதீங்க சார். மானம் போயிடும். எல்லாம் மிஷின். வெளிநாட்டு மிஷின், தீப்பெட்டி அளவு. இடுப்புல சொருகிக்கிட்டு எல்லாரையும் ஏமாத்தியிருக்கா. நேத்து நானே புடுங்கி ஆத்துல எறிஞ்சுட்டேன்."

வாழ்நாளில் பொய் சொன்ன எத்தனையோ பெண்களைக் கண்டுபிடித்தவளுக்கு ஒரு பொய் எப்படி இருந்தால் நம்புவார்கள் என்று தெரிந்திருந்தது. துரைபாபுவின் முகத்தில் கோபத்துக்கு முன்னால் வந்தது நிம்மதி. "நான் அன்னிக்கே நெனைச்சேன்," என்றார். மதியத்துக்குள் எல்லாருமே அன்றைக்கே நினைத்திருந்தார்கள். முடியாத ஒன்றை நம்பச் சிரமப்பட்டுக்கொண்டிருந்த குடியிருப்பு, ஒரு பெண்ணைச் சந்தேகப்படுவது அதைவிட எத்தனை எளிது என்று கண்டுகொண்டு, ஒரு பெருமூச்சோடு பழைய நிலைக்குத் திரும்பியது. சாம்பார்ப் பாத்திரங்கள் மறுபடி வீடு மாறின. சில ஆண்கள் ஆற்றுமணலில் எதையோ தேடுவதுபோலக் கொஞ்ச நாள் நடந்தார்கள். நிறைமதி படி இறங்கினால் கதவுகள் சாத்திக்கொண்டன, யாரும் காபிக்குக் கூப்பிடவில்லை, எந்த மிக்சியும் வரவில்லை. சுவிட்ச் போடாத விளக்குகள் எரிந்தபோது, காமன் லைனில் ஏதோ கோளாறு, ஆளை வரச்சொல்லி இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

முக்தார் பாய் ரீவைண்டிங் செய்த மோட்டாரைக் கொண்டுவந்து மாட்டினார். இந்த முறை ஒரு சொல்லும் சொல்லவில்லை; சுவிட்சைக் காட்டிவிட்டுப் போனார். மோட்டார் மற்ற எல்லா மோட்டார்களையும்போல உறுமியது, ஏசி மற்ற எல்லா ஏசிகளையும்போலச் சுமாராகக் குளிரூட்டியது.

அன்று மாமியாரும் மருமகளும் அதற்குக் கீழே தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நிறைமதி சோற்றைப் பிசைந்தபடியே தலைகுனிந்து சிரித்தாள்.

"என்ன சிரிப்பு?"

"எல்லாரும் என்னைத் திருடிங்கிற மாதிரி பாக்கறாங்க அத்தை. நிம்மதியா இருக்கு." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "உங்களுக்கும் என்மேல சந்தேகம் இன்னும் இருக்கா?"

கோகிலம் ரசத்தைக் கரண்டியால் கலக்கி, அடியில் இருந்த கெட்டியை எடுத்து அவள் தட்டில் ஊற்றினாள்.

"இருக்கு," என்றாள். "சாப்பிடு."